தண்ணீர் ஊற்றாத நீச்சல் குளம்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவரின் காலடியில். இன்னொன்று, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறவரின் காலடியில். கற்றுக்கொள்கிறவர் பதற்றத்தில் எதை எதையோ மிதிப்பார். ஊரில் சுவர்களும் மனிதர்களும் முழுசாக இருப்பது அந்த இரண்டாவது பிரேக்கின் புண்ணியத்தில்தான். இருபத்தேழு வருடமாக அதன்மேல் காலை வைத்தே பிழைப்பு நடத்தியவரை எல்லோரும் பிரேக் மாஸ்டர் என்றார்கள். அவர் முகத்துக்கு நேராக வெறும் மாஸ்டர் என்றார்கள்.

ஒரு நாள் காலை, மாஸ்டர் காபியில் உதட்டை வைத்த நேரம் பார்த்து அவர் மனைவி சொன்னாள்.

“பின்பக்கம் ஒரு நீச்சல் குளம் கட்டப் போறேன்.”

மேசைக்கடியில் மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. வீட்டுத் தரையில் பிரேக் கிடையாது. செருப்புதான் சத்தம் போட்டது, காபி சட்டையில் கொட்டியது.

கட்டலாமா என்று அவள் கேட்கவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் கேட்டதையெல்லாம் ‘பாக்கலாம்’ என்ற ஒரே சொல்லால் நிறுத்தியவர் அவர். மாடியில் ஒரு அறை என்றாள், பாக்கலாம். கடற்கரைப் பக்கம் நாலு நாள் போய் வரலாம் என்றாள், பாக்கலாம். நாய் வளர்க்கலாம் என்றாள், அதுவும் பாக்கலாம். எதையும் பார்க்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த முறை வண்டியே அவளுடையது. பெரிய ஆஸ்பத்திரியில் விசாரணை கவுன்ட்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து, இரண்டு மாதத்துக்கு முன்பு ஓய்வு பெற்றிருந்தாள். தொண்ணூறாயிரம் மொத்தமாக வந்து அவள் பெயரில், அவள் கணக்கில் உட்கார்ந்திருந்தது. வயதான காலத்துக்கு அந்த வீட்டில் இருந்த சேமிப்பு அது ஒன்றுதான். மாஸ்டரின் முழங்கால் இன்னும் மூன்று வருடம் ஓடினால் பெரிய விஷயம்.

“எதுக்கும்மா இப்ப குளம்?” என்றார், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

“வேணும்னு தோணுது.”

“உனக்கு நீச்சல் தெரியாதே.”

“உங்களுக்குந்தான் தெரியாது. அதுக்காக உங்களக் குளிக்க வேணாம்னா சொல்றேன்?”

அதற்குமேல் அவள் பிடிகொடுக்கவில்லை.

மறுவாரம் குளம் கட்டுகிறவர் வந்தார். நீலச் சட்டை, நீலத் தொப்பி, நீலப் பேனா. பின்பக்கத்தை அளந்தார். துணிக்கொடிக்கும் பழைய சாமான் கொட்டகைக்கும் நடுவே எட்டு மீட்டருக்கு நாலு மீட்டர் இடம் கிடைத்தது. ஏதோ புதையல் அகப்பட்டதுபோல அவருக்கு வாயெல்லாம் பல். சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கூட்டி, கடைசித் தொகையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தாளைத் திருப்பி வைத்தார். அறுபத்தெட்டாயிரம்.

மாஸ்டர் அந்த வட்டத்தையே பார்த்தார். “இதுல எல்லாமே அடக்கமா?”

“எல்லாமே அடக்கம் சார். பாதுகாப்பு வேலி மட்டும் தனி. மேல மூடற துணி தனி. குளிர்காலத்துல தண்ணிய சூடு பண்றதுன்னா அது தனி. தோண்டற மண்ண அள்ளிட்டுப் போறது தனி.”

“மண்ண அள்ளாம எப்படிங்க பள்ளம் வரும்?”

“பள்ளம் வரும் சார். மண்ணு உங்க வீட்டு முன்னாடி இருக்கும்.”

மாதாமாதம் ஆகும் செலவையும் மாஸ்டர் கேட்டு வாங்கினார். மோட்டாருக்கு மின்சாரம், தண்ணீர் பச்சையாகாமல் இருக்க மருந்து, வடிகட்டி மாற்ற, ஏறுகிற காப்பீடு. எல்லாம் சேர்த்து மாதம் முந்நூற்றைம்பது. கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்து வருடத்துக்கு, வாரத்துக்கு மூன்று முறை அவள் இறங்கினாலும், ஒரு முறை தலை நனைவதற்கு ஏறக்குறைய எழுபது. அந்தக் காசுக்கு ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் ரிவர்ஸ் எடுக்கவே சொல்லிக்கொடுக்கலாம்.

“இந்த விலை முப்பதாம் தேதி சாயங்காலம் அஞ்சரை வரைக்கும்தான். அதுக்கு மேல கம்பெனி நாலாயிரம் ஏத்துது. கையெழுத்து போட்டாப் போதும்” என்று சொல்லிவிட்டு, நீலப் பேனாவை அவள் பக்கம் உருட்டினார் குளத்துக்காரர்.

அவள் பேனாவை எடுத்தாள். மாஸ்டரின் கால் மறுபடி தரையை மிதித்தது.

“இரு இரு” என்றார். “என் ஸ்கூல்ல எவனையாவது முதல் நாளே ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறேனா? மைதானத்துல கூம்பு நட்டு, பத்து நாள் வெள்ளோட்டம் விட்டுட்டுத்தானே கூட்டிட்டுப் போறேன்? அதே மாதிரி இதுக்கும் ஒரு வெள்ளோட்டம் விடுவோம். இருக்கற மாதிரியே நெனச்சுக்கிட்டு ஒரு மூணு வாரம். புடிச்சிருந்தா முப்பதாம் தேதி நீ கையெழுத்து போடு. நான் குறுக்க ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “சரி” என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில் அவருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கார் டிக்கியைத் திறக்கப் போனார்.

ஆரஞ்சு நிறக் கூம்புகள் பன்னிரண்டு. எட்டுக்கு நாலு அளந்து நட்டார். கூம்பிலிருந்து கூம்புக்கு மஞ்சள் கயிறு கட்டினார். கொட்டகைப் பக்க மூலையில் மட்டும் ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கயிற்றை விட்டு, “இது படிக்கட்டு” என்று அறிவித்தார். அப்புறம் மேசையில் உட்கார்ந்து விதிமுறை எழுதினார். மனிதர் ஜென்மத்தில் அவ்வளவு உற்சாகமாக எதையும் எழுதியதில்லை. ஒவ்வொரு விதியும் அவளை அலுக்க வைத்து, அவள் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைப்பதற்காக எழுதப்பட்டது. கயிற்றைத் தாண்டி யாரும் குறுக்கே நடக்கக் கூடாது, துணி காயப்போட வேண்டுமென்றாலும் சுற்றித்தான் போக வேண்டும். தினமும் அரை மணி நேரம் வலைக்கம்பை வைத்துக்கொண்டு இலை அள்ள வேண்டும். தினமும் ஐந்திலிருந்து ஆறு வரை, மழையோ வெயிலோ, அவள் குளத்துக்குள் இருந்தாக வேண்டும். கட்டிவிட்டு இறங்காமல் இருந்தால் என்ன பிரயோஜனம்?

கடைசி விதி அவருடைய காரிலிருந்து வந்தது. ஓட்டிப் பழகுகிறவரிடம் யாரும் பேசக் கூடாது என்று டேஷ்போர்டில் ஒரு அட்டை ஒட்டியிருப்பார். பின்சீட்டில் அம்மா அப்பா யாராவது ஏறிக்கொண்டு யோசனை சொல்லி, பிள்ளை வண்டியைச் சாக்கடையில் விட்டதை நிறையப் பார்த்தவர். அந்தப் பழக்கத்தில் யோசிக்காமல் எழுதினார்: தண்ணீரில் இருப்பவரிடம் யாரும் பேசக் கூடாது, கூப்பிடக் கூடாது, எதுவும் கேட்கக் கூடாது. எழுதிவிட்டு அவரே மெச்சிக்கொண்டார். பேச ஆளில்லாமல் ஒரு மணி நேரம் புல்தரையில் உட்கார்ந்தால் மூன்றாம் நாளே அலுத்துப்போய் எழுந்து வந்துவிடுவாள் என்று நினைத்தார். ஒரு மனிதன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை நாமும் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்க்கலாம்.

முதல் நாள் ஐந்து மணிக்கு அவள் ஒரு சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வழியாக இறங்கினாள். நடுவில் போட்டாள். உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். ஆறு மணிக்கு எழுந்து வந்தாள். எப்படி இருந்தது என்று மாஸ்டர் கேட்டதற்கு, “நல்லாருந்துச்சு” என்றாள்.

இரண்டாம் நாள் ஐந்தேகாலுக்கு மகன் பின்வாசலில் வந்து நின்றான். வீட்டிலிருந்தபடியே வங்கிக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை அவனுக்கு. இருபத்தைந்து வயது. ஊருக்கெல்லாம் அவர்களுடைய பணம் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியும், அவனுடைய பனியன் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

“அம்மா, சார்ஜர் எங்க?”

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. அவன் கயிற்றைத் தாண்டி உள்ளே காலை வைத்தான்.

“டேய், முங்கிட்ட!” என்று ஜன்னலிலிருந்து கத்தினார் மாஸ்டர். விதி விதிதான். “விழுந்ததுக்கு அபராதம் ரெண்டு வேளைப் பாத்திரம் கழுவணும்.”

மூன்றாம் நாள் அவர் எதிர்பார்த்தபடி அவள் எழுந்து வரவில்லை. நாலாம் நாளும் வரவில்லை. இலை அள்ளுவது அலுக்கும் என்றால், காற்றடிக்காத நாளில்கூட வலைக்கம்போடு மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் வீடுதான் தத்தளித்தது. ஐந்திலிருந்து ஆறுக்குள் அந்த வீட்டில் எதுவும் கிடைக்கவில்லை. கத்தரிக்கோல் இல்லை, நகவெட்டி இல்லை, கேஸ் ரசீது இல்லை. வாசல்மணி அடித்தால் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. மாஸ்டரே ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்து, குளித்துவிட்டு, ஈரத் தலையோடு இடுப்பில் போர்வையைச் சுற்றிக்கொண்டு கயிற்றோரம் வந்து நின்றார். டவல் எங்கே என்பது தொண்டை வரை வந்துவிட்டது. அவளுடைய முகம் அப்படி ஒரு நிம்மதியில் கிடந்தது. மென்று விழுங்கிக்கொண்டு திரும்பிப் போனார். போர்வையிலேயே தலையைத் துவட்டினார்.

இதற்கிடையில் செய்தி மாஸ்டரின் தம்பிக்குப் போயிற்று. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து இறங்கி, சாப்பிட்டு, தூங்கி, சாயங்காலம் மிச்சத்தையும் டப்பாவில் கட்டிக்கொண்டு போகிற ஆள். வீட்டில் அவனுக்கு ஞாயிறு என்றே பெயர். இந்த ஞாயிறு காரிலிருந்து இறங்கும்போதே அவன் கையில் காற்றடைத்த அன்னப்பறவை ஒன்று இருந்தது. ஆள் உயரம்.

“அண்ணி! தள்ளுபடில கிடைச்சுது, விட்டா போயிடும்னு வாங்கிட்டேன். நம்ம வீட்லயே குளம் வருதுன்னதும் இவ அவ தங்கச்சிங்களுக்கும் சொல்லிட்டா. சின்னப் பசங்க மட்டும் ஏழு பேரு. இனிமே ஞாயித்துக்கிழம காலைலயே வந்துடுவோம். டவல் மட்டும் நீங்க இங்கயே வெச்சிருந்தீங்கன்னா நாங்க சுமந்துக்கிட்டு வர வேணாம் பாருங்க.”

அவள் அன்னப்பறவையின் கழுத்தைப் பார்த்தாள், அப்புறம் மணியைப் பார்த்தாள், ஐந்தாகியிருந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குள் இறங்கிவிட்டாள்.

இருபத்தாறாம் தேதி மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. ஐந்து மணிக்கு இன்னும் கால் மணி இருந்தது. அவள் இலை அள்ளிக்கொண்டிருந்தாள். அவர் கயிற்றுக்கு வெளியே அவளோடு சேர்ந்து நடந்தார்.

“நெசமாவே கேக்கறேன். தண்ணியே இல்லாத எடத்துல உக்காந்துட்டு வந்து நல்லாருந்துச்சுங்கற. உனக்கு என்னதான் வேணும்?”

வலைக்கம்பை ஊன்றிக்கொண்டு அவள் நின்றாள். “சொன்னா சிரிப்பீங்க.”

“சிரிக்கல. சொல்லு.”

“முப்பத்தொரு வருஷம் தலைக்கு மேல விசாரணைன்னு ஒரு போர்டு. அதுக்குக் கீழ நானு. எக்ஸ்ரே எங்க, பிரசவ வார்டு எங்க, கக்கூஸ் எங்க, டாக்டர் வந்துட்டாரா, ஏன் வரல. ஒரு நாளைக்கு எத்தன கேள்வின்னு ஒருவாட்டி எண்ணிப் பாத்தேன். மத்தியானம் வரைக்கும் எண்ணினேன், நானூத்திச் சொச்சம். அப்புறம் விட்டுட்டேன். அதுல தயவுசெஞ்சுன்னு ஆரம்பிச்சுக் கேக்கறவங்க பொணவறைக்கு வழி கேக்கறவங்க மட்டுந்தான்.”

மாஸ்டர் காலடியில் கிடந்த ஒரு இலையைப் பொறுக்கி அவளுடைய வலையில் போட்டார்.

“வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, இங்கயும் அதே போர்டு. ரிட்டையரான அன்னிக்கு மாலை போட்டாங்க, பேசினாங்க, அழுதாங்க. வீட்டுக்கு வந்து மாலையக் கழட்டறதுக்குள்ள நீங்க என்ன கேட்டீங்க தெரியுமா?”

மாஸ்டருக்குத் தெரியவில்லை. தெரியவில்லையே என்பது இன்னும் கேவலமாக இருந்தது.

“பேட்டரி எங்க இருக்குன்னு கேட்டீங்க. டிவி ரிமோட்டுக்கு. அன்னிக்கே முடிவு பண்ணேன். தண்ணிக்குள்ள இருக்கறவள யாரு கூப்பிடுவாங்க? தலைய உள்ள விட்டுட்டா கூப்பிட்டாலும் கேக்காது. தினம் ஒரு மணி நேரம் என்னை யாரும் எதுவும் கேக்காம இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

இருபத்தேழு வருடமாகப் பக்கத்துச் சீட்டிலிருந்து எல்லோருடைய கண்ணாடியையும் சரிபார்த்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது. வேறு பெயர் சொல்லிப் பூசி மெழுக முடியாத வெட்கம். ஆனால் பாருங்கள், வெட்கத்துக்கு நடுவிலும் மனிதனுடைய மூளை கணக்குப் போடுவதை நிறுத்துவதில்லை.

“அப்படின்னா...” என்றார் மெதுவாக. “அது இந்தக் கயித்துலயே கெடைக்குதே. அறுபத்தெட்டாயிரம் எதுக்கு?”

அவள் சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பு இல்லை.

“கயிறு உங்க கயிறு. கூம்பு உங்க கூம்பு. வெள்ளோட்டம் முடிஞ்சதும் சுருட்டி டிக்கில போட்டுடுவீங்க. ஆறடி ஆழத்துக்குத் தோண்டி சிமென்ட் போட்ட பள்ளத்த எவனாலயும் சுருட்ட முடியாதுங்க. பணம் போனாப் போகட்டும். முப்பதாம் தேதி கையெழுத்து போடறேன்.”

மணி ஐந்தடித்தது. அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மாஸ்டர் சொல்ல நினைத்ததெல்லாம் வாயிலேயே நின்றது. சொல்லியிருந்தாலும் பிரயோஜனமில்லை. கயிற்றை அவிழ்க்க மாட்டேன் என்று சொல்லலாம். இத்தனை வருடம் ‘பாக்கலாம்’ என்று சொன்ன அதே வாய்தானே சொல்லும்? அதை யார் நம்புவார்கள்? அவருக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த வயதான காலத்துப் பணம் ஒரு பள்ளத்துக்குள் போகப்போவது குளத்து ஆசையால் இல்லை, தன் வார்த்தைக்கு வீட்டில் மதிப்பு இல்லாததால் என்பது நாலு நாளும் அவர் நெஞ்சை அறுத்தது. வகுப்பில் ஒரு பெண் சரியாகத்தான் வண்டியைத் திருப்பினாள். காரணமே இல்லாமல் பிரேக்கை மிதித்து அவளை அழவைத்தார்.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்து தொலைத்தது. தம்பி குடும்பம் மத்தியானமே வந்துவிட்டது, கூடவே மச்சினிகளின் பிள்ளைகள் ஏழு பேரும். பிள்ளைகள் நீச்சல் உடுப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். ஐந்து பத்துக்குக் குளத்துக்காரர் நீலச் சட்டையில் வந்து இறங்கினார். தாள்களும் பேனாவும் கையில் தயாராக இருந்தன. அவள் ஐந்து மணிக்கே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

அடுத்த இரண்டு நிமிடத்தில் மொத்தக் கூட்டமும் கயிற்றைச் சுற்றி நின்றது.

“மேடம், அஞ்சரைக்குள்ள ஒரு கையெழுத்து” என்றார் குளத்துக்காரர், கயிற்றுக்கு மேலே பேனாவை நீட்டிக்கொண்டு.

“அண்ணி, டைல்ஸ் நீலமா, பச்சையா? பச்சை போட்டா அழுக்குத் தெரியாது” என்றான் தம்பி.

“அம்மா, வந்திருக்கற பசங்களுக்குப் பெரிய துண்டெல்லாம் எங்க?” என்றான் மகன்.

“பெரியம்மா, தண்ணி எப்ப வரும்?” என்று ஏழு வாய் ஒன்றாகக் கேட்டது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முதுகு நாற்காலியிலிருந்து நிமிர்ந்தது. தோள் நேரானது. உதடு ஒரு பதிலுக்குத் தயாராகி லேசாகப் பிரிந்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கிற முகம் மெல்ல மெல்ல அவள் முகத்தின்மேல் ஏறி உட்காருவதை அவர் கண்ணால் கண்டார். தாங்க முடியவில்லை.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம், பேனாவுக்கும் அவளுக்கும் நடுவே நின்றார்.

“அவ தண்ணில இருக்கா” என்றார். “ஆறு மணிக்கு மேல கேளுங்க.”

குளத்துக்காரர் எட்டிப் பார்த்தார். புல் இருந்தது. நாற்காலி இருந்தது. “சார்... தண்ணி இல்லையே?”

“உங்களுக்குத் தெரியல. அவ்வளவுதான்.”

“ஆறு மணின்னா விலை நாலாயிரம் ஏறிடும் சார்.”

“ஏறட்டும்.”

அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று மாஸ்டருக்கே ஆச்சரியம். பெட்ரோல் விலை பத்துக் காசு ஏறினால் பத்து நாள் மூக்கால் அழுகிறவர்.

“என்னண்ணே விளையாடற?” என்று தம்பி அன்னப்பறவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டினான். “அண்ணி, நீங்க இப்படி வாங்க, ஒரு நிமிஷ வேல...”

மாஸ்டர் அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். ஐம்பது வயது ஆளை, பறவையோடு சேர்த்து, பின்னால் இழுத்து வெளியே போட்டார். “முங்கிடுவடா” என்றார். குரல் உயரவில்லை. ஆனால் அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. ஏழு பிள்ளைகளும் இரண்டடி பின்னால் போனார்கள்.

“யாரும் எதுவும் கேக்கக் கூடாது. துண்டு வேணும்னா தேடுங்க. கெடைக்கலன்னா ஈரமாயிருங்க. இல்ல, காய்ஞ்சே இருங்க, எப்படியும் தண்ணி கெடையாது. எல்லாரும் உள்ள போய் உக்காருங்க.”

முன்னறையில் பதினோரு பேர் நாற்பத்தைந்து நிமிடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. குளத்துக்காரர் ஐந்தரைக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, விலையை அடித்து எழுபத்திரண்டாயிரம் என்று திருத்தினார். மாஸ்டர் மட்டும் கயிற்றோரம் நின்றார். முழங்கால் வலித்தது. உட்காரவில்லை. அவள் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அவளுடைய முதுகு மறுபடி நாற்காலியில் சாய்ந்த சத்தம் மட்டும் பின்னாலிருந்து கேட்டது.

ஆறு மணிக்கு அவள் படிக்கட்டு வழியாக ஏறி வந்தாள். குளத்துக்காரர் தாளோடு ஓடிவந்தார்.

“மேடம், உங்களுக்காக நான் கம்பெனில பேசி...”

“வேணாங்க” என்றாள்.

“நாலாயிரந்தானே மேடம், அதுக்காக...”

“பணத்துக்காக இல்ல. தண்ணி ஊத்தினா எல்லாரும் உள்ள எறங்கிடுவாங்க. நான் கரையில நின்னு துண்டு குடுத்துக்கிட்டு இருப்பேன். அதுக்கு எதுக்கு எழுவத்திரண்டாயிரம்? அத நான் சும்மாவே பண்ணிட்டுத்தான் இருக்கேன்.” வாசல் வரை வந்த ஏழு நீச்சல் உடுப்புகளையும் பார்த்தாள். “இப்ப இதுக்குள்ள வேற யாருக்கும் வேலை இல்ல. இப்படியே இருந்தாத்தான் நல்லது.”

அப்புறம் மாஸ்டரைப் பார்த்தாள். இருபத்தாறாம் தேதி சொன்னது அப்படியே அந்தப் பார்வையில் இருந்தது. கயிறு உங்க கயிறு.

மாஸ்டர் குளத்துக்காரரைத் தோளில் தட்டித் தனியாகக் கூப்பிட்டார். “நாலு மூலைக்கும் இரும்புக் கம்பம் நடணும். மூணடி தோண்டி, சிமென்ட் போட்டு. நடுவுல சங்கிலி. யாரும் சுருட்ட முடியாதபடி. எவ்வளவு ஆகும்?”

அறுபத்தெட்டாயிரத்துக்கு வந்தவர் வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்துக்கொண்டு, “நானூத்தம்பது” என்றார்.

“மண்ண அள்ளறது?”

“தனி.”

மாஸ்டர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து அங்கேயே எண்ணிக் கொடுத்தார். பாக்கலாம் என்று சொல்லவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி அன்னப்பறவையின் காற்றைப் பிடுங்கிவிட்டான். அது கோபித்துக்கொண்டதுபோல நீளமாகச் சத்தம் போட்டுக்கொண்டே சுருங்கியது.

கம்பங்கள் வியாழக்கிழமை வந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிமென்ட் இன்னும் முழுசாகக் காயாதபோதே, ஐந்து மணிக்கு அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். மாஸ்டருக்குக் காபி குடிக்க வேண்டும்போல் இருந்தது. சமையலறைக்குள் போனார். தானே போடலாம் என்ற யோசனை அவருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பால் குளிர்பெட்டியில் இருந்தது, அதில் சிக்கல் இல்லை. காபித்தூள் வாசனை பிடித்து அகப்பட்டது. சர்க்கரை எங்கே?

ஜன்னல் வழியாகப் பார்த்தால் பத்தடி தூரத்தில் அவள். கண்ணை மூடியிருந்தாள். ஒரு சொல் கேட்டால் போதும். மாஸ்டர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, மேல்தட்டிலிருந்து ஒவ்வொரு டப்பாவாக இறக்கித் திறந்தார். ரவை, உப்பு, சோடா மாவு, ஏதோ பொத்தான்கள், கேஸ் ரசீதுகள், அவருடைய பழைய மூக்குக்கண்ணாடி. தன் வீட்டில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவருக்குப் பதினெட்டு நிமிடம் ஆனது.

ஆறு மணிக்கு அவள் உள்ளே வந்தபோது மேசைமேல் இரண்டு டம்ளர் காபி ஆறிப்போய் இருந்தது. மாஸ்டர் பரீட்சையில் தேறியவர்போல நின்றுகொண்டிருந்தார்.

“சர்க்கரைய நானே கண்டுபிடிச்சுட்டேன்” என்றார்.

அந்த டப்பாவை அங்கே வைத்தவளே அவள்தான். அதைச் சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆறிய காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தாள்.

“அப்படியா? எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

இடது பக்க அலமாரி, இரண்டாவது தட்டு, ரவைக்குப் பின்னால், பச்சை மூடி போட்ட டப்பா என்று மாஸ்டர் பொறுமையாக வழி சொன்னார்.